இடது ஓரம்

மார்ச் மாதம் முதல்
இடது ஓரம் நான்கு சென்டிமீட்டர் வேண்டாம்,
இரண்டரை போதும் என்கிறது சுற்றறிக்கை.
ஆய்வேட்டைத் தைத்து அட்டை போடுவது நின்றுவிட்டது.
தையலுக்கென்று விட்ட இடத்தில்
எழுத்தே வந்து நின்றுகொள்ளலாம்.

எழுத்தளவு பன்னிரண்டிலிருந்து பதினொன்று.
வரிக்கும் வரிக்கும் நடுவே
மூச்சுவிட இருந்த ஒன்றரை
ஒன்றேகால் ஆகிறது.
அட்டவணைக்குள் நெட்டுக்கோடு கூடாது.
அடிக்குறிப்பு அறவே கூடாது.
எதைச் சொன்னாலும்
யார் சொன்னது, எந்த ஆண்டு என்று
அடைப்புக்குள் அடக்கிவிட வேண்டும்.

பத்தொன்பது வருடமாக
வால்டிவியாவின் இந்த நூலகத்தில்
பிளாஸ்டிக் அளவுகோலோடு உட்கார்ந்திருக்கிறேன்.
'மில்லிமீட்டர்' என்று எனக்கொரு பெயர்,
என் காதுபட யாரும் சொல்வதில்லை.
(காது நன்றாகவே கேட்கும்.)
ஓரவஞ்சனை எனக்குத் தெரியாது,
ஓரம் மட்டும்தான் தெரியும்.
டீன் மகனின் ஏட்டையும்
அரை சென்டிமீட்டருக்காகத் திருப்பியிருக்கிறேன்.

ஜூலையில், ஏழாவது நாளாக
மழை விடாத ஒரு காலையில்
பாலோமா கார்கமோ வந்தாள்.
பூகம்பத்தில் தாழ்ந்துபோன கரையைப் பற்றி ஆய்வு.
பழைய விதிப்படி எழுதிய நகல்,
நாற்பத்தாறு அடிக்குறிப்புகள்.

மேலே, பெரிய எழுத்தில், பேராசிரியர்கள்
நிலம் எத்தனை மீட்டர் இறங்கியது என்று
ஒருவரையொருவர் மறுத்துக்கொண்டிருந்தார்கள்.
கீழே, கோட்டுக்கு அடியில், பொடி எழுத்தில்
மற்றவர்கள்.

முப்பத்தொன்றாம் குறிப்பில்
மெவீன் கடற்கரையில் பாசி பறிக்கும்
எடெல்மிரா நாவெல்பான்:
"எனக்கு அப்போது ஒன்பது வயது.
கடல் போனது, திரும்பி வந்தது.
எங்கள் உருளைக்கிழங்கு வயலில்
தண்ணீர் என் விலா வரைக்கும்.
அப்புறம் அது போகவே இல்லை.
வேலிக்கு மொத்தம் பதினேழு கம்பம்.
கடல் உள்வாங்கும்போது
இப்போதும் நாலு தெரியும்."
குரலைப் பதிவுசெய்ய விடவில்லை,
பேசிக்கொண்டே பாசியைக் கட்டிக் கட்டி அடுக்கினார்,
எனக்கும் ஒரு கட்டு தந்தார்
என்று குறிப்பு முடிந்திருந்தது.

"இவர் இனி எங்கே போவார்?" என்றாள்.
"அடைப்புக்குள்."
"எந்த ஆண்டு போடுவது?"
"புத்தகம் வெளிவந்த ஆண்டு."
"அவரிடம் புத்தகம் இல்லையே."
அப்படியென்றால், என்று தொடங்கிய நான்
அளவுகோலை எடுத்து
மேசை விளிம்போடு நேராக வைத்தேன்.

இரண்டு வாரத்தில் திருத்திய நகல்.
எழுபத்திரண்டாம் பக்கத்தில்
'நீர் விலா உயரம் (நாவெல்பான், 1960).'
கடைசியில், நூற்பட்டியலில்,
எத்தனை மீட்டர் என்று சண்டையிட்ட
இரு பேராசிரியர்களுக்கு நடுவே
அகரவரிசை ஒதுக்கித் தந்த இடத்தில்:

நாவெல்பான், எ. (1960).
எங்கள் உருளைக்கிழங்கு வயல். மெவீன்.

ஆண்டு உண்டு. ஊர் உண்டு.
தலைப்பு ஒழுங்காகச் சாய்ந்திருந்தது.
வெளியிட்டவர் பெயர்தான் இல்லை.
கணினி அந்தக் கட்டத்தைச் சிவப்பாக்கிற்று,
காலியாக விடக் கூடாதாம்.

மாலை ஆற்றங்கரையில் பேருந்துக்கு நின்றேன்.
மீன்சந்தைப் படியில் கடற்சிங்கங்கள்
வால்துண்டுகளுக்கு அடித்துக்கொண்டிருந்தன.
எதிர்க்கரையில் கோரை,
கோரைக்குள் கழுத்து கறுத்த அன்னங்கள்.
அங்கே முன்பு மாடு மேய்ந்தது
என்பது ஊருக்கே தெரிந்த சங்கதி.
நான்தான் இத்தனை நாள் யோசிக்கவில்லை:
இந்த ஊரின் ஓரத்தையும்
ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம்
மாற்றியிருக்கிறார்கள்,
சுற்றறிக்கை இல்லாமல்,
மார்ச் வரை அவகாசம் தராமல்.

மறுநாள் எட்டரை மணிக்கு
சிவப்புக் கட்டத்தில் தட்டினேன்:
வெளியிட்டவர் பெயர் அறியப்படவில்லை.
நூலகத்தின் பழைய சுருக்கம் அது,
இரண்டே எழுத்து, இரண்டு புள்ளி.
அதை ஒழிக்க யாரோ மறந்திருக்கிறார்கள்.
கட்டம் பச்சையானது.

பிறகு வழக்கம்போல அளந்தேன்.
இடது இரண்டரை. வலது இரண்டரை.
நூற்றுப் பதினொன்றாம் பக்க அட்டவணையில் மட்டும்
ஒரே ஒரு நெட்டுக்கோடு,
நட்டு வைத்தது மாதிரி.

திருப்பி அனுப்பிவிட்டேன்.